தங்கச்சி தின்ற கோதுமை

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஒரே பேச்சுதான். யாருக்கு என்ன டெஸ்ட், எந்த ஆஸ்பத்திரி. போன வாரம் ஒரு கல்யாணத்தில் என்கூடப் படித்தவள் ஒருத்தி பந்தியில் இலை போட்டும் கை வைக்கவில்லை. மறுநாள் அவளுக்கு என்டாஸ்கோப்பி. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள்ளே பார்ப்பது.

"பயத்துல சோறு எறங்கலடி" என்றாள்.

என் தங்கச்சி கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு சாம்பார் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள். உங்களில் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. தங்கச்சிக்கு ஒன்பது. கடலூர் முதுநகரில் வீடு. துறைமுகத்துக்கு நடந்து போகலாம். அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். படகுக்காரர்கள் மீனுக்குப் போடுகிற ஐஸ். வேலை முடிந்து வந்தால் சட்டையில் அமோனியா நெடி வரும். கண் கரிக்கும். அம்மா சாயந்திரம் டெய்லர் கடைக்குச் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கப் போவாள். அதனால் சாயந்திர அடுப்பு என்னுடையது. பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ். இப்போது அதை எந்த வீட்டிலும் பார்க்க முடியாது.

தங்கச்சிக்கு ஏழு வயசில் ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சோறு ஆகாது என்றார்கள். ரொட்டி கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரியும், அப்போதெல்லாம் ரொட்டி என்பது கடையில் வாங்கித் தின்கிற பண்டம் இல்லை. மருந்து. மெழுகுத் தாள் சுற்றி வரும். வீட்டில் ஒருத்தர் படுத்தால்தான் வரும். பாலில் நனைத்து ஊட்டுவார்கள். நல்லா இருக்கிற பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்போம். எனக்கும் காய்ச்சல் வரணும் என்று நான் சாமி கும்பிட்டிருக்கிறேன்.

காய்ச்சல் போய்விட்டது. பிள்ளை தேறவில்லை. கை கால் குச்சி. வயிறு மட்டும் முன்னால் வந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை கொல்லைக்கு ஓடுவாள். வாயில் புண். வகுப்பில் பாதியில் எழுந்து ஓடுவதால் டீச்சர் அவளை வாசல் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

பிள்ளை தேறவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இன்னும் ரொட்டி. பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது. எதிர்வீட்டு அத்தை ரொட்டியோடு வரும். அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் ரஸ்க் வாங்கி வருவார்கள். யாராவது வசதியானவர்கள் கண்ணாடி பாட்டிலில் மால்ட் மாவு கொண்டு வருவார்கள். அந்த பாட்டிலுக்காகவே அம்மாவுக்குச் சந்தோஷம். பருப்பு போட்டு வைக்கலாம். எங்கள் அடுப்பங்கரை அலமாரியில் அந்த பாட்டில்கள் வரிசையாக இருக்கும். தெரு டாக்டர் ஒருத்தர் இருந்தார். அவரும், "சோத்தக் கொறைம்மா. கோதுமை குடு. அதுலதான் சத்து ஜாஸ்தி" என்றார். ரேஷனில் கோதுமை போட்டார்கள். அம்மா அதை அரைத்து வைத்துக்கொண்டு சப்பாத்தி சுட்டாள்.

தங்கச்சி தின்றாள். தின்னத் தின்ன இளைத்தாள்.

"பூச்சி" என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். "கண்ணு பட்ருக்கு" என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மாரியம்மன் கோயில் கயிறு கையில் மூன்று ஏறியது. எதிர்வீட்டு அத்தை மட்டும் வேறு மாதிரி சொன்னது. "எல்லாம் பள்ளிக்கூடம் போவாம இருக்க நடிப்புடி இது." தங்கச்சி அதைக் கேட்டுவிட்டு, "இப்டி நடிச்சா சினிமாவுல சேத்துக்குவாங்களா அத்த?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு மாமா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனார். அம்மாவின் தம்பி. பிச்சாவரம் பக்கத்தில் வலை போடுகிறவர். அங்கே மூன்று வேளையும் சோறுதான். காலையில் பழையது, பொரித்த நெத்திலி. மத்தியானம் சோறு, மீன் குழம்பு. ராத்திரிக்கு மிச்சம். ரொட்டி வேண்டும் என்றால் கிள்ளைக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். மாமா போகவில்லை. "ரொட்டியா? அது எதுக்கு? நண்டு கெடக்கு, தின்னுங்கடி" என்றார்.

மூன்று வாரத்தில் தங்கச்சி கொல்லைக்கு ஓடுவது நின்றது. ஆறு வாரத்தில் கன்னம் வந்தது. உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி என்னை முக்கினாள். அவளுக்கு அவ்வளவு தெம்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா பார்க்க வந்தாள். மகளின் கன்னத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். "உப்புக் காத்து சேந்திருக்குடா தம்பி" என்று மாமாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டு வாசலிலும் அதே உப்புக் காற்றுதான். அதை யாரும் யோசிக்கவில்லை. வந்தவள் சும்மா வருவாளா? இரண்டு முழு ரொட்டி கொண்டு வந்திருந்தாள். தேறுகிற பிள்ளைக்கு இன்னும் தேறட்டும் என்று. தங்கச்சி இரண்டு நாளில் அதை முடித்தாள். மூன்றாம் நாள் பழையபடி ஆனது. வாந்தியும் சேர்ந்துகொண்டது.

மாமா பயந்துவிட்டார். "யக்கா, ஊருக்குக் கூட்டிக்கினு போவாத. சிதம்பரத்துல காட்டிட்டுப் போ" என்றார்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். வடக்கே படித்துவிட்டு வந்தவர். அம்மா இரண்டு வருஷத்துக் கதையையும் சொன்னாள். பூச்சி, கண்ணு, காற்று எல்லாம். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். தங்கச்சி ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். அம்மா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் சொன்னாள்.

"சார். மாமா வூட்ல ரொட்டி கெடையாது."

டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"சும்மா இருடி" என்றாள் அம்மா.

"இருங்கம்மா" என்றார் டாக்டர். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ சொல்லு."

"ரொட்டி தின்னா வயிறு வருது. சப்பாத்தி தின்னாலும் வருது. சோறு தின்னா வரல. மாமா வூட்ல நல்லா இருந்தேன். அம்மா ரொட்டி எடுத்தாந்துச்சு. மறுபடி வந்துடுச்சு."

பெரியவர்கள் அத்தனை பேர் இரண்டு வருஷம் பார்த்தார்கள். யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னார். சீலியாக் என்று ஒரு வியாதி. கோதுமை குடலைப் புண்ணாக்கும். வடக்கே நிறையப் பார்த்திருக்கிறார். நம் பக்கம் சோறு தின்கிறதால் வெளியே தெரிவது குறைவு. இருக்கலாம், நிச்சயமில்லை. குழாய் விட்டு, குடலிலிருந்து துணுக்கு கிள்ளி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம்.

"அப்ப இன்னிக்கே பாத்துடுங்க சார்" என்றாள் அம்மா.

"இப்ப பாத்தா தெரியாதும்மா. ஒன்ற மாசமா சோறு தின்னு புண்ணு ஆறியிருக்கும். கொழாய் போட்டா நல்லா இருக்குன்னு காட்டும். நாம ஏமாந்துடுவோம்." தங்கச்சியைப் பார்த்தார். "இன்னிலேந்து ரெண்டு மாசம், தெனம் ரெண்டு சப்பாத்தி திங்கணும். வயிறு வலிக்கும். தின்னாத்தான் கொழாய்ல தெரியும். திம்பியா?"

எனக்கு அந்த டாக்டர் மேல் கோபம் வந்தது. குடலைப் புண்ணாக்கும் என்று அவரே சொல்கிறார். அதையே தின்னச் சொல்கிறார்.

தங்கச்சி கேட்டாள். "அதுக்கப்பறம் எப்பவும் திங்க வேணாமா?"

"அதுதான்னு தெரிஞ்சா, எப்பவும் வேணாம்."

"சரி" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கொழா எவ்ளோ மொத்தம்?" என்று கேட்டாள். டாக்டர் தன் சுண்டுவிரலைக் காட்டினார். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அளவு எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

கடலூர் வந்தோம். தினமும் சாயந்திரம் நான் ஸ்டவ் பற்றவைத்து இரண்டு சப்பாத்தி சுடுவேன். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிய்த்துப் பிய்த்து மெல்லுவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. தின்று முடித்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். முட்டியை வயிற்றில் அழுத்திக்கொண்டு.

"பயமா இருக்காடி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கேக்காத" என்றாள்.

நான் திரும்பக் கேட்கவில்லை. அவளுக்குப் பயம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குக் காலையில் நாக்கு வழிக்கிற பழக்கம். அப்போது எல்லா அப்பாக்களுக்கும் இருந்தது. ஸ்டீல் தகடு ஒன்று. வில் மாதிரி வளைத்து நாக்கின் அடிவரை விட்டு இழுப்பார். "ஓ...ஓ..." என்று ஓங்கரிக்கிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும். ஒரு நாள் காலையில் தங்கச்சி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா பாப்பா பாக்கற?" என்றார் அப்பா.

"நீ தெனம் கொழா போட்டுக்கற மாதிரிதான இருக்கு?"

அப்பா வாயில் தகட்டோடு நின்றார்.

மறுநாள் அவளும் ஒரு தகடு வாங்கித் தரச் சொன்னாள். வாங்கித் தந்தார். முதல் நாள் பாதி நாக்கைத் தாண்டவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து வாந்தி எடுத்தாள். அடுத்த நாள் கொஞ்சம் உள்ளே. தகட்டை அங்கேயே வைத்து அசையாமல் இருப்பாள். நான் எண்ணணும். "ஓங்கரிப்பு வரும்போது மூக்கால மூச்சு வுட்டா அடங்கிடுதுக்கா" என்று சொன்னாள். ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். ஒரு மாசத்தில் இருபது. அப்பா தன் தகட்டை வைத்துக்கொண்டு அவளோடு போட்டி போட்டார். ஏழிலேயே ஓங்கரித்தார். அவள் தகட்டை எடுக்காமல், கண்ணால் சிரித்தாள். அம்மா, "அப்பனும் பொண்ணும் லூசு" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் தூக்கினாள்.

இனிமேல் எழுதப்போவது இதுவரை யாரிடமும் சொல்லாதது. கல்யாண வீட்டிலும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் அவளுக்கு ரொம்ப மோசம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் பாவாடை நனைந்து வந்தாள். பையன்கள் பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து, கிணற்றடியில் தானே அலசிப் போட்டாள். பிறகு வந்து உட்கார்ந்து, "சப்பாத்தி சுடுக்கா" என்றாள்.

என்னால் முடியவில்லை. மறுநாள் கோதுமை மாவை எடுக்கவில்லை. அரிசி மாவை எடுத்தேன். வெள்ளையாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று டீத்தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். ஓரம் விண்டது. எண்ணெய் விட்டு அமுக்கிச் சுட்டேன். அவளுக்குக் களைப்பு. பார்க்காமல் தின்றாள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அப்படியே தினமும் செய்தேன்.

பத்தாம் நாள் அவள் அடுப்பங்கரைக்கு வந்து என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா. நாலு நாளா எனக்கு வயிறு வலிக்கல."

"நல்லதுதான?"

"என்னா மாவு போட்ட?"

நான் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தேன். அவள் மாவுச் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். டீத்தண்ணீர் டம்ளரையும் பார்த்தாள்.

"எத்தினி நாளு?"

"ஒம்போது."

கத்துவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. "நீ எனக்கு நல்லது பண்றேன்னு பாத்த. ஆனா கொழா பொய் சொல்லிடும்க்கா. அப்பறம் ஆயுசுக்கும் ரொட்டி குடுப்பாங்க" என்றாள். எழுந்துபோய்க் கோதுமை மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

குறித்த நாளில் சிதம்பரம் போனோம். அம்மா, நான், அவள். வெறும் வயிறு. குழாய் போடுகிற அறைக்கு வெளியே பெஞ்சில் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒருத்தர். முறுக்கு மீசை, கழுத்தில் புலிநகச் செயின், வாட்டசாட்டமான ஆள். உள்ளே போனார். இரண்டே நிமிஷம். கதவு படாரென்று திறந்தது. சட்டை பட்டனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தொண்டையில் மரத்துப்போகிற மருந்து அடித்துவிட்டதால் பேச்சு குழறியது. "வாணாம் தார், நா அப்றம் வதேன்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். அவர் பெண்சாதி செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியது. "கெடா வெட்டுற ஆளு, இதுக்காய்யா ஓடுற?" என்று கத்திக்கொண்டே.

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. கதவையே பார்த்தாள்.

டாக்டர் வெளியே வந்து கேட்டார். "தெனம் சாப்ட்டாளா?"

"ஒரு நாள் வுடல சார்" என்றாள் அம்மா. அம்மாவுக்குத் தெரிந்தது அதுதான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தங்கச்சி எழுந்து நின்றாள்.

"ஒம்போது நாள் திங்கல சார். ஒளிச்சி வெச்சிட்டேன்."

அம்மா அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால் அவள் கன்னத்தில் அறைந்தாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாசம் மகள் துடித்ததைப் பார்த்தவள். அறை விழுந்த கன்னத்தோடு தங்கச்சி என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று தெரியும் அவளுக்கு.

டாக்டர் குனிந்து, "ஏன் தானா சொன்ன?" என்று கேட்டார்.

"கொழாய்ல தெரியாமப் போய்டும்ல."

டாக்டர் யோசித்தார். இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம், ஆனால் நடுவில் விட்டிருப்பதால் சந்தேகம் வரலாம் என்றார். இன்னும் மூன்று வாரம் தின்றுவிட்டு வந்தால் சந்தேகம் இல்லாமல் பார்க்கலாம். எது வேண்டும் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சொல்வதற்குள் தங்கச்சி சொன்னாள். "மூணு வாரம்."

மீசைக்காரரைப் பார்த்த கண்ணோடு, இன்னும் மூன்று வாரம். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட அவள் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. இப்போது அம்மா எதிரில் உட்கார்ந்து காவல் காத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் "முழுங்கு, முழுங்கு" என்பாள். நான் சுட்டேன். ஸ்டவ் சத்தத்தில் என் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்காது. கொல்லையில் காலையில் தகடு. இருபத்தைந்து எண்ணினேன். முப்பது எண்ணினேன்.

திரும்பச் சிதம்பரம். இந்தத் தடவை பெயர் கூப்பிட்டதும் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "நீங்க வெளிய இருங்க. அழுதா புள்ள பயப்படும். பெரிய பொண்ணு வரட்டும்" என்றது. உள்ளே கதவு ஓரமாக என்னை நிற்க வைத்தது. "இங்கேந்து நகரக் கூடாது."

ஸ்பிரிட் வாசனை. ஒரு கட்டில். கருப்பாக ஒரு குழாய், நுனியில் விளக்கு. தொண்டையில் மருந்து அடித்தார்கள். வாழைப்பழ வாசனை வந்தது. தங்கச்சி முகம் சுளித்தாள், கசந்திருக்கும். ஒரு ஊசி போட்டார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முகம் என் பக்கம் இருந்தது. வாயில் பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள்.

"எச்சில முழுங்காத. வழிய வுடு. மூக்கால மூச்சு வுடு" என்றார் டாக்டர்.

அவளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

குழாய் உள்ளே போனது. ஒரே ஒரு தடவை உடம்பு தூக்கிப் போட்டது. அவ்வளவுதான். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடியது. எச்சில் வழிந்து தலைமாட்டுத் துணி நனைந்தது. கால் விரல்கள் பத்தும் மடங்கி இறுகி இருந்தன. ஆனால் கை எழவில்லை. நர்ஸம்மா கையைப் பிடிக்கத் தயாராக நின்றது, பிடிக்க வேண்டிய வேலையே வரவில்லை. கண் என் மேல் இருந்தது. நான் வாயை அசைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது தாண்டியது. நூறு தாண்டியது. நான் பாதியில் தப்பாக எண்ணி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலு தடவை உள்ளே கிள்ளி எடுத்தார்கள்.

குழாயை வெளியே இழுத்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு, "பெரியவங்களே இப்பிடிப் படுக்க மாட்டாங்கம்மா. எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

அவளுக்குத் தொண்டை மரத்துப் பேச்சு வரவில்லை. இரண்டு கையாலும் வில் மாதிரி வளைத்து நாக்கை இழுத்துக் காட்டினாள். டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். அப்பாவின் ஏழு எண்ணிக்கையையும் சொன்னேன். டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸம்மாவும் சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

மரப்பு போகிற வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா குழாயடியில் முகம் கழுவப் போனாள். நான் தங்கச்சியிடம், "அம்மா வந்ததும் சொல்லிடறேன், அந்த ஒம்போது நாள் நான்தான் பண்ணேன்னு" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நல்ல பிடி. விரல் பதிந்தது.

அம்மா வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து தங்கச்சி எச்சில் விழுங்கிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"பசிக்குதும்மா" என்றாள்.

இரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. ஊட்டுவோம், திணிப்போம், கெஞ்சுவோம். பசிக்குது என்று அவள் சொன்னதில்லை. அம்மா செருப்பைக்கூடப் போடாமல் எழுந்தாள். தெரு முனையில் ஒரு மெஸ். இலை போட்டார்கள். ரசம் சோறு. தொண்டை எரிந்திருக்கும். ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தின்றாள். இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

பதினைந்து நாள் கழித்து ரிசல்ட். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். குடலுக்குள்ளே டர்க்கித் துண்டு மாதிரி நூல் நூலாக நிற்கணும். இவளுக்கு அது தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. கோதுமைதான். சந்தேகம் இல்லை. "இவ அன்னிக்கு நெஜத்த சொன்னதால சந்தேகம் இல்ல" என்று அழுத்திச் சொன்னார்.

"மருந்து?" என்றாள் அம்மா.

"மருந்து கெடையாதும்மா. ரொட்டி, சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா, அந்த பாட்டில் மாவு, எதுவும் வேணாம். ஆயுசுக்கும். சோறு போடுங்க."

"மருந்தே இல்லாத சீக்கா சார்?"

"ஆமாம்மா. குடுக்காம இருக்கறதுதான் மருந்து."

கடலூர் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நானே குடுத்தேனே. எங்கையாலயே ஊட்டுனேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தங்கச்சி அவள் மடியில் சாய்ந்து, "வுடும்மா. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல" என்றாள். நான் வாயைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் தங்கச்சி என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவளை அறைந்ததை மட்டும் கடைசிவரை சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாள். புள்ள ஒளிச்சி வெச்சதும் பயத்துலதான, அதுக்குப் போயி அடிச்சிட்டேனே என்பாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தங்கச்சி இப்போது சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட நல்ல உடம்பு. அதற்கப்புறமும் எத்தனையோ தடவை குழாய் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தனியாகப் போய்விட்டு வந்து கடை திறப்பாள்.

போன மாசம் அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

"அன்னிக்கு ஏண்டி என்ன காட்டிக் குடுக்கல? நீயே ஏன் அடி வாங்குன?"

பேப்பர் கட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ பண்ணேன்னு சொன்னா, அடுத்த தடவ அம்மா உன்ன வூட்லயே வுட்டுட்டு வந்துரும். அப்பறம் எனக்குக் கொழா போடும்போது கூட யாரு இருப்பா? நீ இல்லன்னா நான் படுத்திருக்க மாட்டேன்க்கா. அவ்ளோ பயம் எனக்கு."

ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆள் வந்தது. முன்பக்கமா, ரெண்டு பக்கமுமா என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனாள்.